மனப்புண் ஆற்றிய மஹ்மூது பந்தர்

வெள்ளாறு வங்கக் கடலோடு கலக்கும் கழிமுகத்தின் வடகரையில் அமைந்துள்ள பரங்கிப்பேட்டைக்குப் பெயர்கள் மூன்று. போர்த்துக்கீசியர் இதனைப் 'போர்ட்டோ நோவோ' என்றனர். கடல் வணிகம் செய்த முஸ்லிம்களின் வழக்கில் இது 'மஹ்மூது பந்தர்' ஆயிற்று. பரங்கியர் வந்து தங்கிய பேட்டையாதலின் தமிழ் மக்கள் பரங்கிப்பேட்டை என்றனர். 1781-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஹைதர் அலி அவர்களின் படையும் சர் அயர் கூட்டின் ஆங்கிலேயப் படையும் மோதிக்கொண்ட களம் என்பதால், இந்திய வரலாற்று நூல்களில் இவ்வூருக்கு ஓரிடம் உண்டு. பள்ளி மாணவரும் அந்தத் தேதியை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பர்.

ஆனால், படையும் பீரங்கியும் இல்லாத இன்னொரு தேதியும் இவ்வூர் வரலாற்றில் இருக்கிறது. அது 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று இவ்வூரார் செய்த செயலை நிவாரணப் பணி என்ற தலைப்பின் கீழ் அடக்கிவிடுவது வழக்கம். உண்மையில் அது மனித மனத்துக்குச் செய்யப்பட்ட முதற் சிகிச்சை என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதை நிறுவக் கொஞ்சம் பழைய வரலாற்றையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

கடல் புகுந்த காலை

அன்று இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்னதாகச் சுமத்ராத் தீவின் வடமேற்குக் கரையை ஒட்டிக் கடலடியில் பெருநிலநடுக்கம் நேர்ந்தது. அதன் அளவு 9.1 எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மணி நேரத்தில் அதன் அலைகள் தமிழகக் கரையை எட்டின. மாநிலத்தில் மாண்டவர் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். கடலூர் மாவட்டம் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தது. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் முதல், பரங்கிப்பேட்டைக்கு அருகிலுள்ள சாமியார்பேட்டை, புதுக்குப்பம், சிதம்பரம் வட்டத்துக் கிள்ளைப் பகுதியின் தீவுத் திட்டுகள் வரை மீனவக் குப்பங்கள் குலைந்தன.

உயிர் பிழைத்த மீனவ மக்கள் கடலுக்கு முதுகு காட்டி மேற்கே ஓடினர். அவ்வாறு ஓடியவர்களில் பெருந்தொகையினர் வந்து சேர்ந்த ஊர்களுள் ஒன்று பரங்கிப்பேட்டை. ஊர் ஜமாஅத்தார் யாருடைய உத்தரவையும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஓடி வந்தவர் என்ன சாதி, என்ன சமயம் என்று எவரும் விசாரிக்கவும் இல்லை. தங்க இடம் கொடுத்தனர்; உலை வைத்தனர்; உடுத்த உடை கொடுத்தனர்; மாண்டோரின் உடல்களை மீட்டு அடக்கம் செய்வதிலும் இளைஞர்கள் துணை நின்றனர். இவையெல்லாம் அந்நாளைய செய்தித்தாள்களில் பதிவாகியுள்ளவை. அரசின் வாகனங்களும் தொண்டு நிறுவனங்களும் வந்து சேருமுன்பே சோறு வந்துவிட்டது என்பதுதான் இதில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி.

சோறு மருந்தான கதை

துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது தமிழகத்தின் எல்லாச் சமூகத்தாரிடமும் ஏதேனும் ஒரு வடிவில் காணப்படும் வழக்கம். அண்டை வீட்டாரும் உறவினருமே அந்த வீட்டாருக்கு உணவு கொண்டு வருவர். முஸ்லிம்களிடத்தில் இதற்கு நபிவழி ஆதாரமும் உண்டு. ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு முஃதா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி மதீனாவை எட்டியபோது, அக்குடும்பத்தார் துயரில் ஆழ்ந்திருக்கிறார்கள், அவர்களுக்காக நீங்கள் உணவு சமையுங்கள் என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. நம் ஊர்களில் மௌத்து வீட்டுக்குச் சட்டி சட்டியாய்ச் சோறு போவது இதன் வழியேதான்.

இவ்வழக்கத்தில் மனநலம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இழப்புக்கு ஆளானவனின் மனம் முதலில் இழப்பது, உலகம் இன்னும் ஒழுங்காகத்தான் நடக்கிறது என்ற நம்பிக்கையை. பசி நேரத்துக்குச் சோறு வருவதும், வருகிறவர் பெயர் சொல்லி அழைப்பதும், ஓர் இரவாவது கூரையின் கீழ் உறங்குவதும் அந்த நம்பிக்கையைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தருகின்றன. ஆறுதல் சொற்கள் இவற்றுக்குப் பின்னரே காதில் விழும்.

கடலூர் மண்ணுக்கு இவ்வுண்மை புதிதன்று. சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகளார், 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த நெருப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்படுகிறது. பசியால் உடல் மட்டுமின்றி உள்ளமும் அறிவும் தளர்கின்றன என்பதை உணர்ந்தவர் அவர். வடலூரின் அடுப்பும் பரங்கிப்பேட்டையின் அடுப்பும் வெவ்வேறு வழியில் மூட்டப்பட்டவையாயினும் ஒரே நோய்க்கே மருந்து சமைத்தன.

பல்கீ அவர்களின் மருந்துப் பெட்டி

மனநலம் என்பது மேலை நாட்டார் நமக்குக் கற்பித்த புதுப்பாடம் என்று எண்ணுவோர் உளர். அபூ ஸைத் அல்பல்கீ அவர்களை அறிந்தால் அந்த எண்ணம் மாறும். கி.பி. 850 அளவில் பல்கு நாட்டில் பிறந்து, பாக்தாதில் கல்வி கற்று, 934-இல் மறைந்த இப்பேரறிஞர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்றொரு நூல் இயற்றினார். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருவன என்பது தலைப்பின் பொருள். அதன் கைப்பிரதி இஸ்தான்புல் நகரத்து அயாசோஃபியா நூலகத் தொகுதியில் இருந்தது. 1984-இல் அதன் நிழற்படப் பதிப்பை ஃபுவாத் சேஸ்கின் அவர்கள் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் வெளியிட்ட பின்னரே உலகம் அதனைப் பரவலாகக் கவனித்தது.

அந்நூலின் கருத்துகளுள் இரண்டு நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையவை. முதலாவது, துயரத்தை அவர் இருவகையாகப் பிரித்தது. அன்புக்குரியவரையோ செல்வத்தையோ இழந்ததால் வரும் துயரம் ஒன்று. காரணம் இன்னதென்று சொல்ல முடியாமல், உடலின் கோளாற்றிலிருந்து எழுந்து மகிழ்ச்சியையும் ஊக்கத்தையும் உறிஞ்சிவிடும் துயரம் மற்றொன்று. முன்னதற்கு நல்லுரையும் சிந்தனையும் மருந்து. பின்னதற்கு உடலுக்கும் மருத்துவம் தேவை என்றார் அவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இப்பிரிவினை இன்றைய உளநல மருத்துவரையும் வியக்க வைக்கிறது.

இரண்டாவது, மருந்துப் பெட்டி பற்றிய அவரது அறிவுரை. எதிர்பாராத நோய்க்காக நலமாயிருக்கும்போதே மருந்துகளை வீட்டில் சேமித்து வைப்பது போல, மனம் அமைதியாயிருக்கும் நாளிலேயே நல்ல சிந்தனைகளைச் சேமித்துப் பழகி வைக்க வேண்டும்; கோபமும் அச்சமும் துயரமும் தாக்கும் வேளையில் அவற்றைத் தேடப் புறப்பட்டால் கிடைக்கமாட்டா என்பது அதன் சாரம்.

நம் கரையோரமே இதற்கொரு சான்று. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காடுகள் உள்ளன. ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த அறிஞர்கள், மரச்செறிவின் பின்னால் இருந்த ஊர்கள் மற்ற ஊர்களை விடக் குறைவாகவே சேதமுற்றன என்று 2005-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் எழுதினர. அலை வந்த காலையில் நட்ட மரம் எதுவும் அந்த ஊர்களைக் காக்கவில்லை. எத்தனையோ தலைமுறைகளாக வேரோடி நின்ற காடு காத்தது. பல்கீ அவர்கள் சொன்ன சேமிப்பும் அத்தகையதே.

சங்கிலியின் வரலாறு

நம் பழம்பெருமையைப் பேசும்போது கசப்பான பக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. டமாஸ்கஸ் நகரில் 1154-இல் நூருத்தீன் அவர்கள் நிறுவிய மருத்துவமனையும், கெய்ரோவில் 1284-இல் சுல்தான் கலாவூன் அவர்கள் எழுப்பிய மருத்துவமனையும் மனநோயாளருக்கும் இடம் தந்தவை. ஆயினும் 1184-இல் டமாஸ்கஸைக் கண்ட பயணி இப்னு ஜுபைர் அவர்கள், அங்கு மனநோயாளருக்குச் சிகிச்சை இருந்ததையும் அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் ஒருங்கே குறித்துச் சென்றுள்ளார். கருணையும் சங்கிலியும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கின்றன.

தமிழகத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. சென்னையில் 1794-இல் மனநோயாளர் காப்பகம் ஒன்று தொடங்கப்பட்டது. 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள இடத்தில் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. நூற்றாண்டுக் காலம், கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒருவருக்கு மனம் பேதலித்தால் உறவினர் முன் இருந்த வழிகள் மிகச் சில: கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டு சேர்ப்பது, வீட்டின் பின்கட்டில் அடைத்து வைப்பது, அல்லது கோயில், தர்கா, மாதா கோவில் என்று புனிதத் தலங்களுக்கு அழைத்துச் செல்வது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் 'பித்தர்' என்ற பொருளுடைய சொல்லாலேயே சுட்டியது. 1987-இல் இயற்றப்பட்ட சட்டமே அச்சொல்லை நீக்கியது.

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் ஓட வழியின்றி வெந்தனர். மாண்டோர் 28 பேர். நாடு அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. தர்காவின் நிழலை நாடி வந்தவர்கள் அவர்கள். சங்கிலி போட்டவர்களும், அதைப் பார்த்துக்கொண்டே ஆண்டாண்டாய்க் கடந்து சென்றவர்களும் நம்மைப் போன்ற மனிதர்களே. பல்கீ அவர்களைத் தந்த சமுதாயம் இதனை எளிதில் மறந்துவிடல் ஆகாது.

பின்னர் 2017-இல் நிறைவேறி 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுதல் கூடாதெனத் தடுத்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்றும் அது விதித்தது.

அலை கற்பித்த பாடம்

ஏர்வாடித் தீக்கும் ஆழிப்பேரலைக்கும் இடையே மூன்றாண்டுகளும் சில மாதங்களுமே. ஆனால் அப்பேரலையின்போது தமிழகம் மனக்காயத்தை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 1999-ஆம் ஆண்டு ஒரிசாப் புயலிலும் 2001-ஆம் ஆண்டு குஜராத் நிலநடுக்கத்திலும் பெற்ற பட்டறிவோடு வந்தனர். பாதிக்கப்பட்ட இலட்சக்கணக்கானோருக்கு உளநல மருத்துவர்கள் ஒருபோதும் போதமாட்டார்கள் என்பதை அறிந்திருந்த அவர்கள், ஊரிலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்து பயிற்றும் முறையைக் கையாண்டனர். குழந்தைகளைப் பொறுத்தவரை படம் வரைதல், விளையாட்டு, பாட்டு ஆகியவையே பேச்சுக்கு மாற்றாயின.

பேரிடருக்கு முன் நூற்றுக்குப் பத்துப் பேரிடம் காணப்படும் மிதமான மனக்கோளாறு, பேரிடருக்குப் பின் பதினைந்து முதல் இருபது பேர் வரை உயரக்கூடும் என உலக சுகாதார நிறுவனத்தார் 2005-இல் மதிப்பிட்டனர். கடுமையான மனநோயோ இரண்டு, மூன்றிலிருந்து மூன்று, நான்காகவே உயரும் என்றனர். அழுகையும் தூக்கமின்மையும் திடுக்கிடலும் இவற்றினும் மிகப் பலரிடம் காணப்படும். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் உற்றார் துணையாலும் தொழில் மீண்டும் கிடைப்பதாலும் தாமே தேறிவிடுவர். இதன் பொருள் தெளிவானது. பலருக்கு வேண்டியது அண்டை அயலாரின் கை. சிலருக்கு அதனோடு மருத்துவரும் கட்டாயம் வேண்டும். இரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

இன்னொரு பாடமும் உண்டு. நடந்ததையெல்லாம் உடனே வாய்விட்டுச் சொல்லச் செய்தால் மனப்பாரம் குறையும் என்று முன்னர் நம்பப்பட்டது. கட்டாயப்படுத்திப் பேச வைப்பதால் பயனில்லை என்றும், சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்றும் பின்னர் ஆராய்ச்சிகள் காட்டின. ஆகவே 2011-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்றே செயல்களை வற்புறுத்துகிறது: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பார். அவராகப் பேசினால் பொறுமையோடு கேள். உறவினரோடும் உதவியோடும் அவரை இணை. இவ்வழிகாட்டி வெளிவருவதற்கு ஏழாண்டுகள் முன்னரே, பரங்கிப்பேட்டையில் சோற்றுச் சட்டியோடு நின்றவர்கள் இம்மூன்றையும் செய்து முடித்திருந்தனர்.

ஆறாத புண்கள்

சோறு எல்லாப் புண்ணையும் ஆற்றிவிட்டது என்று கூறினால் அது மிகைக்கூற்றாகும். உடல் கிடைக்காதவரின் வீட்டார் இறுதிச் சடங்கும் செய்ய இயலாமல் ஆண்டுக்கணக்கில் வாசலைப் பார்த்திருந்தனர். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பின் பெற்ற பிள்ளைகள் அனைவரையும் அலைக்குக் கொடுத்த தாய்மார் பலர். அவர்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை இலவசமாகச் செய்ய அரசு அன்று ஏற்பாடு செய்தது. பேறு வாய்த்தவரும் உண்டு, வாய்க்காதவரும் உண்டு. கடலே தொழிலாய் வாழ்ந்தவர் கடலைக் கண்டு அஞ்சிய நிலையை நிவாரணக் கணக்கின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினக் கரையில் மக்கள் கூடிக் கடலில் பாலூற்றி மலர் தூவுகின்றனர். உயிரைக் குடித்த கடலுக்கே பாலா என்று கேட்பவர் துயரத்தின் இயல்பை அறியாதவர். அழுவதற்கென ஒரு நாளும் ஓரிடமும் இருப்பது மனத்துக்குப் பெரும் துணை. அடக்கி வைத்த அழுகை உடல்நோயாகவும் கோபமாகவும் குடியாகவும் மாறி வெளிப்படுகிறது.

இம்மாவட்டத்துக்கு இடர் அதனோடு நிற்கவில்லை. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, பண்ருட்டிப் பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. தலைமுறைச் சொத்தான மரம் விழுந்தபோது உழவன் மனமும் விழுந்தது. 2015 நவம்பரில் பெருவெள்ளம்; 2024 முடிவில் 'ஃபெஞ்சல்' புயலை ஒட்டி மீண்டும் வெள்ளம். ஒவ்வொரு முறையும் கூரைக்கும் பயிருக்கும் கணக்கெடுப்பு நடந்தது. மனத்துக்குக் கணக்கெடுப்பவர் அரிது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-இலேயே உளவியல் ஆதரவுக்கெனத் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. அவை ஏட்டிலிருந்து குப்பங்களுக்கு இறங்க வேண்டும்.

அன்றாட வாழ்வில்

பேரலை எல்லார் வாழ்விலும் வருவதில்லை. ஆயினும் கடன், நோய், பிரிவு, தேர்வுத் தோல்வி, வெளிநாட்டில் கணவன் இருக்கத் தனித்திருக்கும் மனைவியின் வெறுமை என்று சிற்றலைகள் ஓயாமல் வந்துகொண்டேயிருக்கின்றன. கடலோர மக்களின் பட்டறிவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை சில. உறக்கத்துக்கும் உணவுக்கும் நேரம் தவறாமை மனத்தின் முதல் வேலி. கைக்கு ஒரு வேலை இருத்தல் இரண்டாவது. வலை பின்னத் தொடங்கிய பின்னரே பல மீனவர் மனம் தேறினர். தயங்காமல் பேசத்தக்க ஒருவரையேனும் நல்ல நாளிலேயே தேடிக்கொள்வது மூன்றாவது. துயரை மறக்க மதுவை நாடுவது, உப்புநீரால் தாகம் தணிக்க முயல்வதற்கு ஒப்பாகும்.

இவ்வளவும் செய்தும் இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சோர்வு நீங்காமல், உறக்கமும் பசியும் குன்றி, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டுமானால், அது ஈமான் குறைவுமன்று, கோழைத்தனமுமன்று. பல்கீ அவர்கள் சொன்ன இரண்டாம் வகைத் துயரமாக அது இருக்கலாம். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போலவே இதற்கும் நாட வேண்டும். சிதம்பரத்தில் 1985-இல் தோன்றிய இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இன்று கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கீழ்ப்பாக்கம் ஒன்றே வழி என்றிருந்த காலம் மலையேறிவிட்டது.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்ப் பஞ்சாயத்துகளும் கோயில், தேவாலய நிருவாகங்களும் இதனைத் தமக்குரியதாகக் கொள்ளலாம். திருமணப் பதிவேடும் ஜனாஸாக் குழுவும் நம்மிடம் உள்ளன. அவற்றோடு, உளவியல் முதலுதவியில் பயிற்சி பெற்ற ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கட்டும். மௌத்து வீட்டுக்கு மூன்று நாள் சோறு அனுப்பும் நாம், நாற்பது நாள் கழித்தும் ஒருமுறை அவ்வீட்டுக் கதவைத் தட்டி, "சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா?" என்று கேட்டுவரும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வோம். மனநோயாளர் உள்ள வீட்டைப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஆகாத வீடென்று ஒதுக்கும் கொடுமையை ஜும்ஆ மேடைகள் கண்டிக்கட்டும். 2004 டிசம்பரில் மஹ்மூது பந்தர் மூட்டிய அடுப்பு ஓர் ஊரின் பெருமையாக மட்டும் நின்றுவிடாமல் இருக்க, அடுத்த அலைக்கு முன்பே இவ்வேலை தொடங்கப்பட வேண்டும்.